பேய்க்கும் ஒரு வழக்கு உண்டு: எடின்பரோவின் இரவு வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

எடின்பரோ நகரில் இரவுதோறும் பேய்க் கதை சொல்லி மக்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகள் அனைவருக்கும்,

வணக்கம். எடின்பரோவின் துறைமுகப் பகுதியான லீத்தில் குடியிருக்கும் ஒரு தமிழ்ப் பெண் எழுதுகிறேன். கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டத்தில் நீங்கள் சொல்லும் மெக்கன்சி பேயின் கதையில் ஒரு பெரிய விடுபடல் இருக்கிறது. இந்த நகரத்தின் வேறு பல பேய்க் கதைகளிலும் அதே விடுபடலைப் பார்க்கிறேன். யாரோ யாருக்கோ செய்த கொடுமையிலிருந்து பிறந்த கதைகள் இவை. இப்போது கொடுமை கழன்றுபோய்ப் பேய் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதை மறுபடி சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பேய்க் கதையே வேண்டாம் என்பவள் அல்ல நான். ஜனவரி மாதக் குளிரில், பக்கவாட்டில் அடிக்கும் மழையில், நீள அங்கியும் உயரத் தொப்பியுமாக நின்று முப்பது பேரின் கவனத்தை ஒன்றரை மணி நேரம் கட்டிப்போடுவது லேசான வேலை இல்லை. கதைசொல்லிகளாக உங்கள்மேல் எனக்கு நிஜமான மரியாதை உண்டு. தமிழில் எழுதுவதற்குக் காரணம், உங்கள் கூட்டங்களில் சென்னையிலிருந்தும் லண்டனிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் வந்த எங்கள் ஆட்களும் நிற்கிறார்கள். கேட்ட கதையை அப்படியே வீடியோவாகப் போட்டு எங்கள் மொழியிலும் பரப்புகிறார்கள். அவர்களும் இதைப் படிக்க வேண்டும். ஆங்கிலப் பிரதி உங்கள் அலுவலகங்களுக்குத் தனியே வரும்.

போன கோடையில் அம்மா வந்திருந்தபோது அப்படியொரு நடைக்கு அழைத்துப் போனேன். வழிகாட்டி சொல்லச் சொல்ல, அம்மாவின் காதோடு தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பூட்டிக் கிடந்த இரும்புக் கதவைத் திறந்தார்கள். உள்ளே நடுவில் ஒடுங்கிய புல்தரை, இரண்டு பக்கமும் வரிசையாகக் கல் சமாதி அறைகள். "இங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளை அடைத்து வைத்திருந்தார்கள்" என்று ஒரு வாக்கியம் வந்தது. அடுத்த வாக்கியத்திலேயே யாரோ ஒரு பயணியின் கழுத்தில் கீறல் விழுந்த கதைக்குப் போய்விட்டார். இருட்டிலிருந்து ஒருவர் பாய்ந்து கத்த, எல்லாரும் அலறிவிட்டுச் சிரித்தார்கள். வெளியே வந்ததும் அம்மா கேட்டது ஒன்றுதான்: "அது சரி, அந்த ஆயிரம் பேரும் கடைசியில என்ன ஆனாங்க?"

அந்தப் புல்தரையிலேயே சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. 1638-இல் இதே கிரேஃபிரையர்ஸ் தேவாலயத்தில்தான் தேசிய உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். திருச்சபை எப்படி நடக்க வேண்டும் என்று மன்னர் கட்டளையிட முடியாது என்பது அதில் நின்றவர்களின் பிடிவாதம். கவனன்டர் என்று அவர்களுக்குப் பெயர். 1679 ஜூன் 22 அன்று பாத்வெல் பாலத்தருகே அரசுப் படையிடம் தோற்றார்கள். பிடிபட்டவர்களில் சுமார் 1,200 பேரை எடின்பரோவுக்கு நடத்திக் கொண்டுவந்து, தேவாலயத்தை ஒட்டிய திறந்தவெளியில் அடைத்தார்கள். நீங்கள் கதவு திறந்து காட்டுவது அந்த வெளியின் ஒரு துண்டுதான். தலைக்குமேல் கூரை இல்லை. கோடை போய், இலையுதிர்காலமும் போய், நவம்பர் வந்தது. இனி ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தவர்களை வெளியே விட்டார்கள். சிலர் தப்பினார்கள், சிலர் அங்கேயே செத்தார்கள், சிலரைத் தூக்கிலிட்டார்கள். எழுதிக் கொடுக்க மறுத்தவர்கள் உள்ளிட்ட 257 பேரை லீத்தில் 'கிரௌன் ஆஃப் லண்டன்' என்ற கப்பலில் ஏற்றினார்கள். கடல் கடந்த தோட்டங்களில் கட்டாய உழைப்புக்கு விற்பதற்காக. டிசம்பர் 10 இரவு, புயலில், ஆர்க்னித் தீவின் டியர்நெஸ் பாறைகளில் கப்பல் மோதியது. கீழ்த்தளத்தின் மூடிகள் பூட்டியிருந்தன. மாலுமிகள் கரையேறிவிட்டார்கள். கைதிகளில் உயிரோடு மிஞ்சியவர்கள் ஏறக்குறைய 50 பேர். 1888-இல் அவர்களுக்காக எழுப்பிய நினைவுத்தூண் டியர்நெஸ் கரையில் இன்றும் இருக்கிறது.

இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். உங்கள் குரலில் கேட்டால் யாருக்கும் அன்றிரவு தூக்கம் வராது.

மெக்கன்சிக்கு வருகிறேன். 1677-இல் அரசின் தலைமை வழக்கறிஞரானவர், கவனன்டர்களை விரட்டி விரட்டி வழக்குப் போட்டவர், 1691-இல் இறந்து தன்னால் துன்பப்பட்டவர்களுக்குப் பக்கத்திலேயே புதைக்கப்பட்டவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஊர்ப் பையன்கள் அவருடைய சமாதிக் கதவருகே ஓடிப்போய், "ரத்தக்கறை மெக்கன்சி, துணிவிருந்தா வெளியே வா, தாழ்ப்பாளைத் தூக்கு" என்று கத்திவிட்டுத் திரும்பி ஓடுவார்களாம். விளையாட்டுதான். ஆனாலும் அந்தக் கூச்சலில் குற்றச்சாட்டு இருக்கிறது. அவர் செய்ததன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். 1990களின் கடைசியில் கிளம்பி இன்று நீங்கள் அழைத்துக் காட்டும் பேய்க்கு அப்படி எந்தப் பொறுப்பும் இல்லை. அது கீறுகிறது, தள்ளுகிறது, மயக்கம் போட வைக்கிறது. ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். மெக்கன்சி 18,000 பேரைக் கொன்றார் என்று சிலர் அடித்துச் சொல்கிறீர்கள். அதே தோட்டத்தில் உள்ள தியாகிகள் நினைவுக்கல்லைப் படித்துப் பாருங்கள். 1661-இல் ஆர்கைல் பிரபு தலை வெட்டப்பட்டதிலிருந்து 1688-இல் ஜேம்ஸ் ரென்விக் கொல்லப்பட்டது வரை, ஏதோ ஒரு வகையில் கொல்லப்பட்டும் அழிக்கப்பட்டும் போனவர்கள் சுமார் பதினெட்டாயிரம் என்று அது சொல்கிறது. ஒரு முழு ஆட்சியின்மேல், ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலத்தின்மேல், அந்தக் கல் வைக்கும் குற்றச்சாட்டு அது. எல்லாவற்றையும் ஒரே மனிதரின் தலையில் கட்டினால் மன்னரும் ஆலோசனைச் சபையும் தப்பித்துப் போய்விடுகிறார்கள்.

அந்த மனிதரும் அப்படியொன்றும் எளிதாகப் பிடிபடுகிறவர் இல்லை. 1678-இல் அவர் எழுதிய குற்றவியல் சட்ட நூலில் ஓர் இடம் உண்டு. சூனியக்காரி என்று ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணைச் சிறையில் போய்ப் பார்த்ததைப் பதிவு செய்கிறார். ஒப்புதல் கொடுத்தது குற்றம் செய்ததால் இல்லை என்று அவள் அவரிடம் ரகசியமாகச் சொல்கிறாள். தான் உழைத்துச் சாப்பிடும் ஏழை. சூனியக்காரி என்று பெயர் வந்த பிறகு யாரும் சோறு போட மாட்டார்கள், தங்க இடம் தர மாட்டார்கள், எல்லாரும் அடிப்பார்கள், நாயை ஏவிவிடுவார்கள். பட்டினியில் சாவதைவிட இந்த உலகத்தைவிட்டுப் போவதே மேல் என்று முடிவு செய்தாள். சொல்லிவிட்டு, மண்டியிட்டுக் கடவுளைச் சாட்சிக்கு அழைத்து, தேம்பி அழுதாள். அவள் பெயரை அவர் எழுதி வைக்கவில்லை. எழுதிய கை கவனன்டர்களைத் தூக்குமேடைக்கு அனுப்பிய அதே கை. அந்தச் சமாதியின் முன் நின்று இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் தொடங்கி வைத்த வழக்கறிஞர் நூலகத்திலிருந்து வளர்ந்த தேசிய நூலகம், அங்கிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது.

இந்த நாட்டின் பேய் ஒன்று உங்கள் நகரத்து நீதிமன்றம் வரை போயிருக்கிறது. எந்த நடையிலும் நான் அதைக் கேட்டதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1746-இல் கலோடன் போரில் ஸ்காட்லாந்து மலைநாட்டுக் கிளர்ச்சிப் படையை அரசுப் படை தோற்கடித்த பிறகு, மலைநாட்டு மக்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, தங்கள் உடையை உடுத்தக் கூடாது என்று சட்டம் வந்தது. அதைக் கண்காணிக்க மலைக் கிராமங்களில் படைவீரர்களை நிறுத்தினார்கள். பிரேமார் பக்கம் டூப்ராக் என்ற இடத்தில் ஆர்தர் டேவிஸ் என்ற ஆங்கிலேய சார்ஜென்ட் தங்கியிருந்தார். வெள்ளிப் பொத்தான்கள், தங்க மோதிரங்கள், பையில் கினி நாணயங்கள் என்று கொஞ்சம் பகட்டான ஆள். தனியாகத் துப்பாக்கியோடு வேட்டைக்குப் போகும் பழக்கமும் இருந்தது. 1749 செப்டம்பர் 28 அன்று மலைமேல் போனவர் திரும்பவில்லை.

அடுத்த ஆண்டு அலெக்சாண்டர் மெக்ஃபர்சன் என்பவர், சார்ஜென்டின் ஆவி தன்னிடம் வந்தது என்றார். எலும்புகள் கிடக்கும் இடத்தைச் சொல்லி, புதைக்கும்படி கேட்டதாம். மறுபடி வந்து, கொன்றவர்கள் இன்னார் என்று இரண்டு பெயர்களையும் சொன்னதாம். டேவிஸ் தங்கியிருந்த வீட்டுக்காரரின் மகனே கூடப் போய் எலும்புகளைப் புதைத்தார். கோடைக்கால மேய்ச்சல் குடிசையில் அன்றிரவு படுத்திருந்த இசபெல் மெக்ஹார்டி என்ற பெண்ணும், அம்மணமான ஓர் உருவம் குனிந்து உள்ளே நுழைந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். 1754-இல் டங்கன் கிளார்க், அலெக்சாண்டர் மெக்டொனால்ட் என்ற இருவர்மேல் எடின்பரோவில் விசாரணை நடந்தது. அங்கே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் லாக்கார்ட் ஒரு கேள்வி கேட்டார்: ஆவி எந்த மொழியில் பேசியது? மலைநாட்டு மக்களின் கேலிக் மொழியில்தான், லோகாபர் பகுதியில் கேட்டதற்குக் குறையாத நல்ல கேலிக், என்றார் சாட்சி. உயிரோடு இருந்தவரை கேலிக் தெரியாத ஆங்கிலேயனின் ஆவி! வழக்கு அதோடு ஆட்டம் கண்டுவிட்டது. சந்தர்ப்ப சாட்சியங்கள் வலுவாகவே இருந்தும் ஜூரி இருவரையும் விடுவித்தது.

அந்தக் கேள்வியின் சாமர்த்தியத்தில் எல்லாரும் மயங்கிவிடுகிறார்கள். நான் நிற்பது மெக்ஃபர்சனிடம்தான். படையாட்களிடம் அண்டை வீட்டானைக் காட்டிக்கொடுத்தவன் என்ற பெயரோடு அந்த ஊரில் ஒருவர் வாழ முடியுமா? செத்தவனே வந்து சொன்னான் என்றால் பழி அவன்மேல் போகும். 1831-இல் இந்த வழக்கின் ஆவணங்களை வெளியிட்ட வால்டர் ஸ்காட்டும் கிட்டத்தட்ட இப்படித்தான் ஊகித்தார். தோற்ற ஊர், ஜெயித்த படை, வாயைத் திறக்க முடியாத ஒரு மேய்ச்சல் குடிசை. அங்கே வாயுள்ள ஒரே ஆள் பேய். ஸ்காட்லாந்துப் பேய்க் கதை என்ன வேலை செய்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ஃபைஃப் மாவட்டத்தில் டோரிபர்ன் கடற்கரையில் இன்னொரு சான்று சேற்றுக்குள் கிடக்கிறது. 1704-இல் லிலியாஸ் ஏடி என்ற வயதான பெண்ணைச் சூனியக்காரி என்று பிடித்து விசாரித்தார்கள். மற்றவர்கள் யார் யார் என்று குடைந்தபோது, அவர்கள் சீமாட்டிகளைப்போல முகமூடி போட்டிருந்தார்கள், அடையாளம் தெரியவில்லை என்று சொல்லிச் சமாளித்தார். எத்தனை பேரின் உயிரை அந்தப் பதில் காத்ததோ. விசாரணை முடிவதற்குள் சிறையிலேயே இறந்துபோனார். எழுந்து வந்துவிடுவாரோ என்ற பயத்தில், அலை ஏறி இறங்கும் சேற்றில் புதைத்து, மேலே ஒரு பெரிய கற்பலகையைப் போட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அபூர்வப் பொருள் சேகரிப்பவர்களுக்காக அதையும் தோண்டினார்கள். மண்டையோடு செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் போய், பிறகு காணாமல் போனது. அங்கே எடுத்த பழைய புகைப்படங்களை வைத்து டண்டீ பல்கலைக்கழகத்தினர் 2017-இல் அவர் முகத்தை மறுபடி உருவாக்கினார்கள். பேத்தியின் கையைப் பிடித்துப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் ஒரு பாட்டியின் முகம்தான்.

1563-இல் வந்த சூனியத் தடைச் சட்டம் 1736 வரை நடப்பில் இருந்தது. பதிவாகியிருக்கும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஏறத்தாழ 3,800 பேர், பெரும்பாலும் பெண்கள். 2022 மார்ச் 8 அன்று அப்போதைய முதல் அமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகும் கூம்புத் தொப்பியும் துடைப்பமுமாக அவர்களைச் சிரிப்புக்குரிய உருவங்களாக்கி விற்பதும், அவர்களைக் கொன்ற கோட்டை மலையடிவாரத்தில் சிரித்துக்கொண்டே கைகாட்டுவதும் எனக்கு ஆறவில்லை. உங்களில் பெண் வழிகாட்டிகளே சிலர் இதைச் சொல்லத் தயங்குவதில்லை என்பதையும் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு என் நன்றி.

சின்ன விஷயங்கள் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கிரேஃபிரையர்ஸில் கல்லறைகளின்மேல் உள்ள இரும்புக் கூண்டுகள் பிணம் எழுந்து வராமல் இருக்கப் போட்டவை இல்லை. உடற்கூறு வகுப்புக்கு விற்கப் பிணம் திருடியவர்கள் உள்ளே கை வைக்காமல் இருக்கப் போட்டவை. 1645 கொள்ளைநோயின்போது மேரி கிங் சந்தில் நோயாளிகளை உயிரோடு வைத்துச் சுவர் எழுப்பினார்கள் என்பதும் கட்டுக்கதை. நகரசபை வைத்தியரை நியமித்தது, வீட்டில் அடைபட்டவர்களுக்கு உணவு கொடுத்தது. அந்தச் சந்து மண்ணுக்கடியில் போனது 1753-இல் தொடங்கிய ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தால்தான். பொய்யான கொடூரத்தைச் சொல்லும்போது மெய்யான கொடூரத்துக்கு நேரம் இல்லாமல் போகிறது.

உடற்கூறு வகுப்புக்கு உடல் விற்பதற்காகவே ஆட்களைக் கொன்ற பர்க்கும் ஹேரும் அப்படி வேகமாகக் கடக்கக்கூடியவர்கள் அல்லர். 1828-இல் 16 கொலைகள். டாக்டர் நாக்ஸின் வகுப்புக்கு உடல்கள் போயின, நாக்ஸ்மேல் வழக்கே இல்லை. கடைசியாகக் கொல்லப்பட்ட மார்கரெட் டோகர்ட்டி அயர்லாந்துக்காரி. தன் தாயும் டோகர்ட்டி குடும்பம்தான் என்று சொல்லி, சொந்தக்காரனாக நடித்துத்தான் பர்க் அவரை வீட்டுக்கு அழைத்துப் போனான். அன்று அக்டோபர் 31. ஹாலோவீன் இரவில் நீங்கள் அந்தத் தெருவில் நின்று சொல்லும் பெயர்களில் அவர் பெயரும் இருக்கட்டும்.

ஊர் ஊராக நகர்ந்து, தகர வேலையும் பழம் பறிப்பும் செய்து, சாலையோரக் கூடாரங்களில் வாழ்ந்த டிராவலர் சமூகத்தினர் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்வார்கள். அவர்களுக்குப் பர்க் செத்துப்போன ஒருவன் அல்ல. 'பர்க்கர்கள்' என்று ஒரு கூட்டமே உண்டு. நள்ளிரவில், குளம்புச் சத்தம் கேட்காமல் கட்டிய குதிரைகள் பூட்டிய கறுப்பு வண்டி வரும். அதில் டாக்டர்கள் இருப்பார்கள். தனியாகப் படுத்திருக்கும் டிராவலர் குடும்பத்தைத் தூக்கிக்கொண்டுபோய்க் கல்லூரிக்கு விற்றுவிடுவார்கள். காணாமல் போனால் தேட நாதியற்றவர்கள் நாங்கள் என்ற அறிவு அந்தக் கதைகளில் இருக்கிறது. 1951-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளி இவற்றைச் சொன்னவர்களின் குரலிலேயே பதிவு செய்து வைத்திருக்கிறது. பல பதிவுகளை இணையத்தில் இலவசமாகக் கேட்கலாம். ஒன்றைக் கேட்டுவிட்டு, கண்ணாடி முன் நின்று பாருங்கள். உங்கள் உயரத் தொப்பியும் நீள அங்கியும் அவர்கள் கதையில் பர்க்கரின் உடை.

ஒரு கதையை அதன் ஊரோடு சேர்த்து வாங்கி வைக்கும் வழக்கம் உங்கள் நாட்டுக்குப் புதிதும் அல்ல. லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவேயில் பிறந்த காலின் மெக்கன்சி, எங்கள் பக்கத்தில் நில அளவை செய்தபோது ஆட்களை அமர்த்தி ஊர்க் கதைகளையும் சுவடிகளையும் சேகரித்தார். அதில் ஒரு பகுதி இன்றும் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது. இந்த ஊர் கதை என்று அதில் எழுதியிருக்கும்.

மலைநாட்டுக்குப் பேருந்தில் அழைத்துப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆளில்லாத பள்ளத்தாக்குகளைக் காட்டி, "இங்கே காற்றே பேசும்" என்கிறீர்கள். அந்த வெறுமை இயற்கையாக வந்ததல்ல. செம்மறி ஆட்டுப் பண்ணைக்காக மக்களை வெளியேற்றியதால் வந்தது. கிளென்கால்வி மக்கள் 1845 மே மாதம் வீடிழந்து க்ரோய்க் தேவாலயத்தின் கல்லறை முற்றத்தில் தங்கினார்கள். தேவாலயத்துக்குள் அவர்கள் நுழையவில்லை. ஜன்னலின் வைர வடிவக் கண்ணாடிகளில் வெளியிலிருந்து கீறி எழுதி வைத்தார்கள்: கிளென்கால்வி மக்கள் மே 24, 1845 அன்று இந்தக் கல்லறை முற்றத்தில் இருந்தார்கள் என்று ஒரு வரி. கிளென்கால்வி மக்கள், தீய தலைமுறை என்று இன்னொரு வரி. தங்களைத் துரத்தியது தங்கள் பாவமே என்று நம்பும்படி அந்த மக்கள் பழக்கப்பட்டிருந்தார்கள். அந்த வரிகளில் நிலக்கிழாரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அந்தக் கண்ணாடி இன்றும் அங்கே இருக்கிறது, எழுத்து படிக்கும்படியே இருக்கிறது.

பயத்துக்குத்தான் மக்கள் காசு கொடுக்கிறார்கள், வரலாற்றுப் பாடத்துக்கு அல்ல என்று நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் பயத்தை நீங்கள் தயாரிக்க வேண்டியதில்லை. 2001-இல் உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் குழு சவுத் பிரிட்ஜ் நிலவறைகளில் ஆய்வு நடத்தியது. எந்த அறைக்கு என்ன பெயர் என்று தெரியாத தன்னார்வலர்களும், பேய் உண்டு என்று பேர்போன அறைகளில்தான் அதிகமாக விநோத உணர்வுகளைச் சொன்னார்கள். அறையின் உயரம், வெளிச்சம் போன்றவற்றோடு அதற்குத் தொடர்பு இருந்தது. குளிரும் இருட்டும் தங்கள் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளும். இருட்டிலிருந்து ஒருவர் பாய்ந்து கத்தத் தேவையில்லை. அந்த நேரத்தை அந்த இடத்தில் துன்பப்பட்டவர்களுக்குக் கொடுங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். கவனன்டர் சிறைக்குள் நுழையும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் டியர்நெஸ் கப்பலைப் பற்றிச் சொல்லுங்கள். மெக்கன்சியின் சமாதி முன் அந்தப் பெயரில்லாத பெண் சொன்னதை, அவர் எழுதியபடியே, வாசித்துக் காட்டுங்கள். லிலியாஸ் ஏடியின் மண்டையோட்டுப் படத்தைக் காட்டி, பார்த்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். உலகம் முழுவதிலிருந்தும் வரும் ஆட்கள் உங்கள் முன் நிற்கிறார்கள், எந்த வீட்டுப் பரணில் அது கிடக்கிறதோ. சுற்றுலா நடத்தும் முதலாளிகள் புது வழிகாட்டிக்குக் கொடுக்கும் கதைத்தாளில் இவற்றைச் சேர்க்கட்டும். வழிகாட்டியின் மனச்சாட்சிக்கு மட்டும் விட்டால், கூட்டம் நெரியும் ஆகஸ்ட் திருவிழா நாட்களில் முதலில் வெட்டுப்படுவது இதுதான்.

அக்டோபர் கூட்டம் தொடங்குமுன் யாராவது ஒருவர் இப்படி ஒரு நடையை அமைத்தால், முதல் இரவே டிக்கெட் வாங்கி வருகிறேன். தமிழில் கேட்க விரும்புகிறவர்கள் இருந்தால் கூடவே நடந்து சொல்லவும் தயார். அம்மா அடுத்த வருடம் மறுபடி வருகிறார், அவருக்கும் ஓர் இடம் வேண்டும்.

அன்புடன்,
லீத்திலிருந்து ஒரு தமிழ்ப் பெண்